தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது: சிறுகதையில் மரபின் இருள்

பாலாற்றங்கரை (வேலூர்)

நண்பர்களுக்கு வணக்கம். மரபின் கொடிய பக்கத்தைப் பேசும் சிறுகதைகளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அதை இங்கே வைத்து, நம் மாவட்டத்து வாசகர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

இவ்வகைக் கதைகள் பலவற்றில் கொடுமை செய்கிறவர் யார் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆலமரத்தடியில் மீசையை முறுக்கிக்கொண்டிருக்கும் நாட்டாண்மை, நல்ல சொல்லே வாயில் வராத மாமியார், தட்டில் விழும் காசையே பார்த்துக்கொண்டிருக்கும் பூசாரி. இவர்களில் ஒருவராகத் தன்னை எண்ணிக்கொள்ளும் வாசகர் எவரும் இல்லை. ஆகவே கதை முடிந்ததும் நாம் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டு, அன்று மாலையே நம் வீட்டுப் பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம்.

உண்மையில் மரபு தன் காரியத்தைப் பெரும்பாலும் நம்மிடம் அன்பாக இருப்பவர்களின் கையால்தான் முடித்துக்கொள்கிறது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கதை முழுவதும் மகள் அம்மாவை ஏறக்குறைய தெய்வமாகவே காண்கிறாள். பூப்பெய்திய பிறகு, வீட்டில் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு, வெளியூர் சென்றிருக்கும் அம்மா வந்து சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். அந்த அம்மாவோ, உறவுப் பெண் ஒருத்தியைக் கறுப்பு என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்த கசப்போடு திரும்பி வந்து, இது இன்னொரு பாரம் என்கிற வகையில் பேசிவிடுகிறாள். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் தலைப்பில் உள்ள சொல் மிகையாகத் தோன்றவில்லை. அந்த அம்மா கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு இத்தனை வலு வந்திருக்குமா என்பதே என் கேள்வி.

நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ரேணுகையின் கதையும் இதையேதான் சொல்கிறது. தாயின் தலையை வெட்டிய பரசுராமன் பகைவன் இல்லை. தகப்பன் சொல்லைத் தட்டாத நல்ல பிள்ளை.

கவுண்டன்யா (குடியாத்தம்)

பாலாற்றங்கரை ரேணுகையைக் குறிப்பிட்டதால் நானும் எழுதத் துணிந்தேன். குடியாத்தத்துக்கு மருமகளாக வந்தவள் நான். ரேணுகையின் கதையை ஒட்டி வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை வெளியூர் நண்பர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு மட்டும் வீதிவீதியாக வருகிறது. வழிநெடுகத் தேங்காய் உடைத்து உடைத்து, தெருவே தேங்காய் ஓடுகளும் நீருமாகக் கிடக்கும். நெரிசலில் மாலைகள் தலைக்கு மேலே பறந்துவந்து சிரசின் மேல் விழும். கெங்கையம்மன் கோயிலுக்கு வந்ததும் அந்தச் சிரசை அங்கே செய்து வைத்திருக்கும் உடலின் மேல் பொருத்துகிறார்கள். பொருத்திய பின் கண் திறப்பு. அந்த உடலுக்கு ஊரில் வழங்கும் பெயர் ‘சண்டாளச்சி உடல்’. செய்தித்தாள்களிலும் அப்படித்தான் அச்சாகிறது. இரவில் சிரசை அந்த உடலிலிருந்து பிரித்து எடுத்துவிடுகிறார்கள்.

நானும் கையெடுத்துக் கும்பிடுகிறவள்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கும்பிடும்போதே ஒரு கேள்வி உள்ளே குடைந்துகொண்டிருக்கும். ரேணுகை செய்த பிழை என்ன? ஆற்று மணலில் குடம் பிடித்து நீர் மொண்டு வந்தவள், தண்ணீரில் தெரிந்த ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் வியந்தாள். குடம் உடைந்தது. அதற்குத் தலை போயிற்று. சரி, அவளுக்காவது ஒரு குற்றச்சாட்டு இருந்தது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவளைக் கட்டிப்பிடித்து அடைக்கலம் கொடுத்தாளே, சேரியில் இருந்த அந்தப் பெண், அவள் செய்த குற்றம் என்ன? வெட்டியபோது அவளுடைய தலையும் சேர்ந்து விழுந்தது. தாய் உயிரோடு வேண்டும் என்று மகன் வரம் கேட்டான். தன் தாயின் தலையை எடுத்து அவசரத்தில் அவள் உடலில் ஒட்டிவிட்டான். வணக்கம் எல்லாம் தலைக்குப் போகிறது. தாங்கி நிற்கிற உடலுக்குக் கிடைத்திருப்பது ஒரு வசைச்சொல்தான்.

எல்லோரும் ரேணுகையைப் பற்றி எழுதுகிறார்கள். அடைக்கலம் கொடுத்தவளின் வீட்டுவாசலில் நின்றுகொண்டு அந்தக் காலைப்பொழுதை எழுதிய சிறுகதை எதுவும் என் கண்ணில் படவில்லை. யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். தேடிப்பிடித்துப் படிக்க ஆசைப்படுகிறேன்.

தமிழாசிரியர் (சோளிங்கர், ஓய்வு)

இரண்டு பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். மதிப்போடு ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

மரபு என்றாலே இருள் என்று எழுதுவது இன்று எளிதாகிவிட்டது. அந்த இருளை முதலில் கண்டு சொன்னதும் மரபுதான் என்பதை நம் எழுத்தாளர்கள் மறந்துவிடுகிறார்கள். நம் வட ஆற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில், துகில் உரிதல் கூத்து ஆடும் இரவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுகிறார். தாயே, இது என் வேடம், என்னைப் பொறுத்துக்கொள் என்று விழுந்து கும்பிட்ட பிறகே கை நீட்டுகிறார். எதிரே இருப்பவரும் ஆண்தான், பெண் வேடம் கட்டிய கூத்துக்காரர்தான். ஆயினும் அந்த நடுக்கம் பொய்யில்லை. தன்னையே பணயம் வைத்துத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று திரௌபதி சபையைப் பார்த்துக் கேட்கும்போது, பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்களும் அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவதைப் பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்து வருகிறேன். பதினெட்டாம் நாள் படுகளத்தில், மண்ணால் ஆள்நீளத்துக்கும் பெரிதாகச் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனனைக் கொன்று முடித்த பிறகுதான் அவள் கூந்தலை முடிகிறாள். பெண்ணுக்கு இழைத்த அவமானத்துக்கு ஊரே கூடிப் பதில் சொல்லும் சடங்கு அது. இதையும் இருள் என்பீர்களா?

இன்னொன்று. சிறுகதைக்காரர்களில் பலர் ஊர்த்திருவிழாவை வெளியூர்க்காரரின் கண்ணால் எழுதுகிறார்கள். பலியும் இரத்தமும் மட்டுமே அவர்களுக்குத் தெரிகின்றன. மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளையன்று நம் பாலாற்று மணலில் கூடும் சனத்தில், இறந்துபோன தன் பெற்றவர்களுக்குப் படையல் இட்டுவிட்டு ஆறுதலோடு வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களை எழுத ஒருவரும் இல்லை.

கவுண்டன்யா

ஐயா, நீங்கள் சொன்ன அந்த இரவை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி வரும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் மறுநாள் காலையில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். அந்தக் கோபம் திரௌபதியுடையது, அவள் அம்மன், அவளுக்குக் கோபம் தகும். விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பெண் அதே கேள்வியைத் தன் கணவனிடமோ மாமனாரிடமோ கேட்டால், அதற்குக் கற்பூரம் ஏற்றுவார் யாரும் இல்லை. கோபத்தைத் தெய்வத்தின் பெயரில் எழுதிவைத்துவிட்டால் வீட்டில் யாரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் கூத்துக்களத்திலிருந்து வீட்டுக்கு நடந்துபோகிற அந்தச் சிறிது தூரம்தான் சிறுகதைக்கு உரிய இடம் என்று நினைக்கிறேன். புராணம் அந்தத் தூரத்தை எழுதுவதில்லை.

பாலாற்றங்கரை

கவுண்டன்யா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’ அந்தத் தூரத்தைத்தான் நடந்து காட்டுகிறது. இராமன் கால்தூசு பட்டு அகலிகை மீண்டதோடு புராணத்துக்கு வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகு அவளும் கோதமனும் ஒரே குடிசையில் எப்படி வாழ்ந்தார்கள், ஊரார் பார்வையை எப்படித் தாங்கினார்கள் என்பதைத்தான் அந்தக் கதை பேசுகிறது. சீதை வந்து, தன்னைத் தீயில் இறங்கச் சொன்னதைத் தெரிவிக்கிறாள். ‘அவர் கேட்டாரா?’ என்கிறாள் அகலிகை. தன்னை மன்னித்தவன் தன் மனைவியை மன்னிக்கவில்லை என்று கண்டதும் அவள் மறுபடியும் கல்லாகிறாள். ஆசிரியர் ஐயா கவனிக்க வேண்டும்: அந்தக் கதையில் இராமன் மேல் ஒரு வசைச்சொல்கூட இல்லை. அகலிகை அவனை வணங்கியவள். வணங்கியவளுக்குத்தான் அது வலிக்கும்.

அரக்கோணம் வாசகன்

‘அன்பானவர்களின் கையால்’ என்று இழையைத் தொடங்கியவர் எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்து மாத்தம்மாக்களை நினைத்தேன். தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரக்கோணத்திலிருந்து திருவள்ளூர், சித்தூர் வரையிலான கிராமங்களில், ஒடுக்கப்பட்ட குடும்பங்களில் பெண் குழந்தைக்குக் கடும் நோய் கண்டால், பிழைத்து எழுந்தால் உனக்கே விட்டுவிடுகிறேன் என்று மாத்தம்மா என்ற அம்மனிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. குழந்தை பிழைத்தால் கோயிலில் தாலி கட்டிவிடுவார்கள்; அவளையும் மாத்தம்மா என்றே அழைப்பார்கள். அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் கிடையாது. திருவிழாவில் ஆடுவாள். யாரோ ஒருவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்றாலும் அவனுக்கு அவள்மேல் எந்தக் கடமையும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. ஆனால் 2017இல்கூட மாத்தம்மா வழக்கம் குறித்துத் தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரண்டு அரசுகளிடமும் தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்தது சட்டத்தைப் பற்றி அல்ல. மாத்தம்மாவைப் பற்றி எழுத முற்படுகிறவர்கள் நேரே திருவிழா ஆட்டத்துக்கும், அவளை இழுத்துப்போகும் ஆண்களுக்கும் போய்விடுகிறார்கள். எனக்குக் கதை தொடங்கும் இடம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகக் கையில் பணமில்லை, பஸ்ஸும் இல்லை. மடியில் குழந்தை காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுக்கிறது. அம்மா தன்னிடம் இருக்கும் ஒரே பொருளைக் கொடுத்துக் குழந்தையின் உயிரைக் கேட்கிறாள். அந்தப் பொருள் குழந்தையின் வாழ்க்கை. அந்த இரவில் அவள் மனத்தில் இருந்தது அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து மகள் ஏன் என்னை விட்டாய் என்று கேட்டால், நீ உயிரோடு இருப்பதே அதனால்தான் என்று அம்மா சொல்வாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை. அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்கத் தெரிந்தவரே இதை எழுத முடியும்.

ஆந்திரப் பக்கத்து வழக்குகளில் ரேணுகைக்கு அடைக்கலம் கொடுத்தவளை மாதங்கி என்று சொல்வதுண்டு. குடியாத்தம் சகோதரி கேட்ட அந்த உடலுக்குச் சொந்தக்காரியின் பெயரில்தான் இந்தப் பிள்ளைகளை விடுகிறார்களோ என்று நினைக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

தோல்ஷாப்பு மகன் (பேரணாம்பட்டு)

எல்லாம் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் ‘அன்பின் கை’ என்பதைப் பொது விதியாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வீட்டுக்குள் நடப்பதற்குப் பொருந்தும். சாதிக்குப் பொருந்தாது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கசாதிக்காரர்களின் நிலத்தில் இருக்கிறது, அதன் வழியே போகவிடவில்லை என்பதால், ஒரு தலித்தின் உடலைப் பாடையோடு கயிறு கட்டிப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். காணொளி பரவிய பிறகு உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. வழியை அடைத்தவருக்குச் செத்தவர்மேல் என்ன அன்பு இருந்திருக்கும்? அவர் மனப்போராட்டத்தை நுணுக்கமாக எழுதி, அவரும் மரபின் கைதிதான் என்று நான் கண் கலங்க வேண்டுமா? நிலம் யாருடையது, பாதை யாருடையது என்பதுதான் அங்கே விஷயம். மரபு என்ற சொல் அந்தக் கணக்கை மூடிவைக்கும் துணி.

அதே நேரம், இதை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கயிற்றையும் தொங்கும் பாடையையும்தான் எழுதுவார்கள். அதைக் கைப்பேசியில் ஏற்கெனவே எல்லோரும் பார்த்தாயிற்று. கயிறு வாங்க யார் போனார், கடைக்காரர் எதற்கு என்று கேட்டபோது என்ன பதில் சொன்னார், மேலே பிடித்தவர்களின் உள்ளங்கை எப்படிக் கன்றியது, கீழே ஆற்றுமணலில் வாங்க நின்றவர்கள் அண்ணாந்து என்ன பேசிக்கொண்டார்கள் என்பது காணொளியில் இல்லை. அது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். எங்கள் பேரணாம்பட்டு மண்ணிலிருந்து அழகிய பெரியவன் எழுத வந்த பிறகுதான், தோல் பதனிடும் வேலையும் பறையும் சேரியும் வெளியாளின் இரக்கம் இல்லாமல் கதைக்குள் வந்தன. நாங்கள் எழுதும்போது எங்களுக்குள் சண்டையும் சிரிப்பும் கறிக்குழம்பும் இருக்கும். வெளியிலிருந்து எழுதுகிறவர்களின் கதையில் நாங்கள் சாவதற்கு மட்டும்தான் வருகிறோம்.

பாலாற்றங்கரை

தோல்ஷாப்பு மகன் வைத்த எல்லைக்கோட்டை ஏற்கிறேன். சாதி தன் வீட்டாரை ஒரு கையாலும் அடுத்தவரை இன்னொரு கையாலும் தொடுகிறது. அந்த இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. இமையத்தின் ‘பெத்தவன்’ (2012) அங்கேதான் நிற்கிறது. வேறு சாதிப் பையனை விரும்பிய மகளை நீயே கொன்றுவிடு என்று ஊர் தகப்பனிடம் சொல்கிறது, அவரும் ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அந்த இரவு முழுக்க அந்த வீட்டில் மாட்டுக்கும் நாய்க்கும்கூட இடம் இருக்கிறது. கடைசியில் மகளை நகையும் பணமும் கொடுத்து அனுப்பிவிட்டு, அவளுக்கென்று வாங்கிய மருந்தைத் தகப்பன் குடிக்கிறார். ஊரார் மேல் நமக்கு இரக்கம் வருவதில்லை; இமையம் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் தகப்பன் அந்த ஊராரில் ஒருவர் என்பதையும் மறைக்கவில்லை.

வாலாஜா இளையவள்

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் இப்போதுதான் எழுதப் பழகுகிறேன். நேர்த்திக்கடனாகக் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு பக்கம் அந்த வழக்கத்தின் வரலாற்றை விளக்கியிருக்கிறேன். முடிவில் அந்தப் பெண் தாலியை அறுத்து அம்மன்மேல் வீசிவிட்டு ஊரைவிட்டுப் போகிறாள். மேலே உள்ளவற்றைப் படித்த பிறகு அந்த முடிவின் மேல் ஐயம் வந்துவிட்டது. இன்னொரு பயமும் இருக்கிறது. இப்படி எழுதினால் ஊரை இழிவுபடுத்தியதாகச் சொல்ல மாட்டார்களா?

அரக்கோணம் வாசகன்

தங்கையே, பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு ஊரில் எழுந்த எதிர்ப்பால் பெருமாள்முருகன் எழுத்தையே துறக்கிறேன் என்று அறிவிக்கும் நிலை வந்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கூறி, மீண்டும் எழுதும்படி சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டம் நம் பக்கம் உண்டு. இருந்தாலும், ஊர்ப்பெயரையும் குடும்பத்தையும் அடையாளம் தெரியாமல் மாற்றி எழுதுங்கள். நீதிமன்றத்துக்காக அல்ல, அந்தப் பெண்கள் இன்றும் அதே தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதற்காக.

வரலாற்றுப் பக்கங்களை எடுத்துவிடுங்கள். கதையில் இருக்கும் யாருக்கும் அந்த விளக்கம் தேவைப்படாது. தேவைப்படுவது நமக்குத்தான். நாமோ நாலு வரியிலேயே புரிந்துகொள்வோம்.

கவுண்டன்யா

முடிவைப் பற்றி நான் சொல்கிறேன், பாப்பா. தாலியை அம்மன்மேல் வீசுவது கை தட்டல் வாங்கும். ஆனால் அவள் தாலியை அவள் கழுத்தில் கட்டியது அம்மனா? எங்கே வீச வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான் அவளுடைய துயரம். பெற்ற அம்மாமேல் வீச முடியாது, அவள் அழுதுவிடுவாள். பூசாரி செத்துப்போயிருப்பார். கல்யாணம் பண்ணாமல் கூட வாழ்ந்தவன் வேறு ஊரில் மூன்று பிள்ளைகளோடு இருப்பான். உங்கள் கதையில் அந்த அம்மா எத்தனை பக்கம் வருகிறாள்?

வாலாஜா இளையவள்

அம்மா வரவே இல்லை அக்கா. முதல் வரியிலேயே செத்துப்போனதாக எழுதிவிட்டேன். எழுத எளிதாக இருந்தது.

தமிழாசிரியர்

அவளை உயிரோடு கொண்டுவா மகளே. இங்கே நடந்த விவாதத்தில் எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு வந்துவிடவில்லை. பாலாற்று மணலில் படையல் வைப்பவர்களை யார் எழுதுவார்கள் என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த அம்மாவை நீ எழுதினால் அதில் அவர்களும் வந்துவிடுவார்கள். அவள் பக்தியைக் கேலி செய்யாதே. அவள் சாமி கும்பிடும்போது அவளுக்கு உண்மையாகவே சாமி தெரியட்டும். பிறகு மகள் என்ன கேட்டாலும் அந்தக் கேள்விக்கு எடை இருக்கும்.

வாலாஜா இளையவள்

சரிங்க ஐயா. வரலாற்றுப் பக்கங்களை எடுத்துவிட்டேன். அம்மாவைச் சமையல்கட்டில் உட்காரவைத்து மறுபடியும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவை அம்மாவின் வாயால் சொல்லவைப்பதா, நேரடியாகக் காட்டுவதா என்பதில் இன்னும் தெளிவில்லை. மகள் அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாள் இல்லையா? அம்மா சொல்லத் தொடங்கும்போதே அடுத்த வரியை மகள் எடுத்துச் சொல்கிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். முடித்ததும் இங்கேயே பதிவிடுகிறேன். தோல்ஷாப்பு அண்ணன் கட்டாயம் படித்துச் சொல்ல வேண்டும்.

தோல்ஷாப்பு மகன்

படிக்கிறேன். அந்தத் தெருவில் யார் வீட்டு நிலத்தில் அந்தக் கோயில் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.